அமில மண்ணில் வேரை முடக்குவது அலுமினியம்

ஒரு துண்டு படிகாரத்தை டம்ளர் தண்ணீரில் கரைத்து, அதில் நீல லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். தாள் சிவந்துவிடும். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கவும், சவரம் செய்த கன்னத்தில் தடவவும் நாம் வைத்திருக்கும் அந்தக் கட்டியில் யாரும் அமிலம் சேர்க்கவில்லை. பொட்டாசியம், அலுமினியம், சல்பேட், படிகத்துக்குள் சிக்கிய தண்ணீர், அவ்வளவுதான். அப்படியானால் தாள் ஏன் சிவக்கிறது?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அமில மண்ணின் வேதியியலில் பாதி புரிந்துவிடும்.

அமில மண் என்றால் ஹைட்ரஜன் அயனி அதிகமாகிவிட்ட மண், அந்த அமிலம் வேரைக் கெடுக்கிறது, சுண்ணாம்பு போட்டால் தணிந்துவிடும் என்றுதான் நமக்குப் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். சுண்ணாம்பு போடச் சொல்வது சரிதான். ஆனால் காரணம் பாதிதான் சரி. மணலும் களியும் கலந்த சாதாரணக் கனிம மண்ணில், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5க்குக் கீழே போகும்போது பயிரை வாட்டுவது பெரும்பாலும் அலுமினியம். நாம் போடும் சுண்ணாம்பின் பெரும்பங்கு செலவாவதும் அந்த அலுமினியத்தை அடக்கத்தான்.

தமிழ்நாட்டுச் சமவெளி விவசாயிகளுக்கு இது கொஞ்சம் அந்நியமான விஷயம். அங்கே தொல்லை கொடுப்பது களரும் உவரும். பிஎச் 8, 8.5 என்று மேலே போகிற மண். மலைக்கு ஏறினால் கதை தலைகீழ். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், இலங்கையின் மலையகம், கேரளத்தின் பெரும்பகுதி, எல்லாம் மழை கொட்டிக் கழுவிய அமில மண்கள். உலக அளவில் பார்த்தால் பனி மூடாத நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்த வகை.

அலுமினியத்தை மண்ணில் யாரும் கொண்டுவந்து போடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலைக் கழிவாகவோ, தேய்ந்த பாத்திரத்திலிருந்தோ வந்ததல்ல இது. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கனுக்கு அடுத்து அதிகம் இருப்பது அலுமினியம்தான். எடையில் சுமார் 8 சதவீதம். களிமண் என்பதே சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் அடுக்கடுக்காகப் பின்னிய கனிமம். பிஎச் 6, 7 இருக்கும் வயலில் இந்த அலுமினியம் பாறைத்துகளுக்குள்ளும் களிமண்ணுக்குள்ளும் அசையாமல் கிடக்கும். அதனால் செடிக்கு நன்மையும் இல்லை, தீங்கும் இல்லை. மண் அமிலமாகும்போதுதான் அது கட்டவிழ்ந்து தண்ணீரில் கரைந்து வருகிறது.

தண்ணீரை உடைக்கும் அயனி

இப்போது படிகாரத்துக்கு வருவோம். கரைந்த அலுமினியம் மூன்று நேர்மின் சுமை கொண்ட அயனியாகத் தண்ணீரில் நிற்கிறது. உருவமோ மிகச் சிறியது. சிறிய உடம்பில் அவ்வளவு சுமை இருப்பதால் அக்கம்பக்கத்தில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஆறினைத் தன்னைச் சுற்றி இறுக்கமாக இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த இழுப்பில் தண்ணீரின் ஆக்சிஜனிலுள்ள எலக்ட்ரான்கள் அலுமினியத்தின் பக்கம் சாய்கின்றன. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே உள்ள பிணைப்பு தளர்கிறது. கடைசியில் ஒரு ஹைட்ரஜன் கழன்று அயனியாக வெளியே போகிறது. லிட்மஸைச் சிவக்க வைப்பது இந்த ஹைட்ரஜன்தான். அது தண்ணீரிலிருந்து வந்தது, கழற்றிவிட்டது அலுமினியம். இதை நீராற்பகுப்பு என்பார்கள்.

கால்சியம், சோடியம் அயனிகளும் தங்களைச் சுற்றித் தண்ணீரை வைத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றின் உருவம் பெரிது, சுமை குறைவு, ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் வலு இல்லை. அலுமினியத்துக்கு இருக்கும் வலுவோ லேசானதல்ல: தண்ணீர் சூழ்ந்த அலுமினிய அயனியை ஓர் அமிலமாகவே எடுத்துக்கொண்டால், அதன் வலிமை கிட்டத்தட்ட வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்துக்குச் சமம்.

ஒரு ஹைட்ரஜன் போனால் அயனியின் சுமை மூன்றிலிருந்து இரண்டாகும். சூழலில் பிஎச் ஏற ஏற இரண்டாவதும் போகும், மூன்றாவதும் போகும். மூன்றும் போனபின் சுமையே இல்லாத அலுமினியம் ஹைட்ராக்சைடு, வெள்ளைக் கூழ்போலத் திரண்டு அடியில் படியும். குடிதண்ணீரில் படிகாரம் போட்டால் சேறு அடியில் இறங்குவது இந்தக் கூழ் சேற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்குவதால்தான். ஆக, ஓர் அலுமினிய அயனி மூன்று ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடக்கூடிய கையிருப்பு. இந்த மூன்று என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது வரும்.

இதே வினை திருப்பியும் நடக்கும். திரண்டு கிடக்கும் ஹைட்ராக்சைடின் மேல் ஹைட்ரஜன் அயனிகள் வந்து விழுந்தால், மூன்று ஹைட்ரஜனுக்கு ஓர் அலுமினியம் என்ற கணக்கில் மறுபடி கரைந்து வெளியே வரும். பிஎச் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் 10 மடங்கு கூடுகிறது என்பது பலருக்கும் தெரியும். அலுமினியத்தில் அது 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, அதாவது 1000 மடங்கு. கிப்சைட் என்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு கனிமத்தை எடுத்துக்கொண்டால், பிஎச் 5இல் அதிலிருந்து கரைந்து வரும் மூன்று சுமை அலுமினியம் லிட்டருக்குச் சுமார் 0.003 மில்லிகிராம். பிஎச் 4இல் அது சுமார் 3 மில்லிகிராம். தாங்கும் திறன் இல்லாத கோதுமை ரகங்களின் வேர் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே தடுமாறத் தொடங்கிவிடும். மண் பரிசோதனைத் தாளில் 5.2 என்றும் 4.6 என்றும் இரண்டு எண்களைப் பார்க்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும். அலுமினியத்தின் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

களிமண்ணின் மேற்பரப்பில்

மண்ணுக்குள் நடப்பது டம்ளரில் நடப்பதைவிடச் சிக்கலானது. களிமண் துகள்களின் மேற்பரப்பிலும் மக்கிய பொருள்களிலும் எதிர்மின் சுமை இருக்கிறது. அதில் நேர்மின் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வளமான மண்ணில் ஒட்டியிருப்பவை பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம், கொஞ்சம் பொட்டாசியம். மழை ஆண்டுக்கணக்கில் பெய்து இவற்றைக் கழுவிக் கீழே இறக்கும். அந்த இடத்துக்கு ஹைட்ரஜன் வரும். மழைநீரில் கரைந்த கரியமில வாயு, வேர்கள் விடும் மூச்சு, இலைதழை மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் எல்லாம் ஹைட்ரஜன் தருபவை.

நாம் போடும் உரமும் தரும். அம்மோனியம் சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது ஒவ்வோர் அம்மோனியத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவரும். செடி அந்த நைட்ரேட்டை முழுக்க எடுத்துக்கொண்டால் ஒரு பகுதி ஈடுகட்டப்படும். மழையில் நைட்ரேட் அடித்துக்கொண்டு போனால் அமிலம் மட்டும் மண்ணில் தங்கிவிடும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் 1856இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் பார்க் கிராஸ் சோதனையில், சுண்ணாம்பு இல்லாமல் அம்மோனியம் சல்பேட் மட்டும் தொடர்ந்து போட்ட பாத்திகளின் பிஎச் 4க்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே பல வகையாக இருந்த புல்பூண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களே மிஞ்சின. பக்கத்தில் சுண்ணாம்பு பெற்ற பாத்தியில் அப்படி ஆகவில்லை.

சரி, இப்படி வந்து ஒட்டிய ஹைட்ரஜன் அங்கேயே இருக்குமா? இருக்காது. ஹைட்ரஜன் நிறைந்த களிமண் நிலைத்து நிற்காத பொருள். தன் மேல் ஒட்டிய ஹைட்ரஜனாலேயே களிமண்ணின் ஓரங்கள் சிதையும். உள்ளே கட்டுண்டிருந்த அலுமினியம் வெளியே வந்து அந்த ஹைட்ரஜன் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலத்தை மண்ணே விழுங்கி, அதற்குப் பதிலாக அலுமினியத்தைக் கக்குகிறது. ஹைட்ரஜன் தொடர்ந்து வந்துகொண்டிருந்தாலும் கனிம மண்ணின் பிஎச் 4ஐ நெருங்கியதும் அதற்குமேல் இறங்கத் தயங்குவது இதனால்தான். பார்ப்பதற்கு மண் தன்னைக் காத்துக்கொள்வதுபோல இருக்கும். காப்பாற்றப்படுவது பிஎச் எண் மட்டுமே, வேர் அல்ல.

இதைக் கண்டுபிடித்த வரலாறு கோணல்மாணலானது. அமெரிக்க வேளாண்துறையில் வேதியியலாளராக இருந்த வீச், உப்புக் கரைசலால் அமில மண்ணைக் கழுவினால் அலுமினியம் குளோரைடு வருகிறது என்று 1900களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். 1918இல் ரோட் ஐலண்டில் ஹார்ட்வெல், பெம்பர் இருவரும் பார்லியையும் ரை தானியத்தையும் வைத்து ஒரு அழகான சோதனை செய்தார்கள். அமிலம் மட்டும் கலந்த கரைசலில் இரண்டு பயிரும் ஒரே அளவுக்குத்தான் பாதிக்கப்பட்டன. ஆனால் அமில மண்ணில் பார்லி அதிகமாகத் துவண்டது, ரை தாங்கியது. ஆக அமிலத்தைத் தவிர வேறொன்று அங்கே இருக்கிறது. அது அலுமினியம் என்று அவர்கள் காட்டினார்கள். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மண்ணியலில் ஹைட்ரஜன் கதையே கோலோச்சியது. 1934இல் பேவர், மார்ஷல் இருவரும் ஆய்வகத்தில் தயாரிக்கும் "ஹைட்ரஜன் களிமண்" உண்மையில் அலுமினியக் களிமண்தான் என்று நிறுவினார்கள். 1950களில்தான் பரவலாக ஏற்றுக்கொண்டார்கள். 1970இல் வட கரோலினாவில் யூஜின் காம்ப்ரத், சுண்ணாம்பு அளவையே அலுமினியத்தை வைத்துக் கணக்கிடலாம் என்று எழுதினார்.

200 கிராமா, பல டன்னா?

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. அதில் 4 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஎச் 5. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் அயனி மொத்தம் 4 மோல் (அயனிகளை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு). இதைச் சமன்படுத்தச் சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு வேண்டும்? 200 கிராம். ஆம், ஒரு ஹெக்டேருக்கு 200 கிராம்! பிஎச் மீட்டர் அளக்கும் ஹைட்ரஜன் மட்டுமே பிரச்சினை என்றால், சட்டைப்பையில் எடுத்துப் போய்த் தூவிவிட்டு வரலாம்.

ஆனால் ஒரு கிலோ மண்ணில் களிமண்ணின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அலுமினியம் வெறும் 90 மில்லிகிராம் இருந்தாலே, அதைச் சமன்படுத்த ஹெக்டேருக்கு 1 டன் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். அமிலம் முற்றிய மண்களில் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு அலுமினியம் இருப்பது சாதாரணம். ஒவ்வோர் அயனிக்கும் மூன்று ஹைட்ரஜன் என்று சொன்னோமே, அந்த மூன்றுதான் இங்கே டன்களாக வந்து நிற்கிறது.

பிஎச் என்பது கிணற்றில் கண்ணுக்குத் தெரியும் நீர்மட்டம் என்றால், ஒட்டியிருக்கும் அலுமினியம் அடியில் உள்ள ஊற்று. மேலே உள்ளதை இறைத்துவிட்டால் ஊற்று மறுபடி நிரப்பிவிடும். அதனால்தான் ஒரே பிஎச் காட்டும் இரண்டு நிலங்களுக்குச் சுண்ணாம்புத் தேவை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. மணற்பாங்கான நிலத்துக்கு ஒரு டன் போதும், களிப்பாங்கான நிலத்துக்கு ஐந்து டன் வேண்டியிருக்கலாம். இலைதழை மக்கிச் சேர்ந்த கரிம மண்ணில் கனிமமே குறைவு, வெளிவர அலுமினியமும் குறைவு. வந்த கொஞ்சத்தையும் மக்கு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அங்கே பிஎச் 5க்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் பல பயிர்கள் நன்றாகவே வளரும்.

நமது மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கின்றன. பிஎச் இருக்கிறது, அங்கக கார்பன் இருக்கிறது, துத்தநாகமும் போரானும்கூட இருக்கின்றன. அலுமினியம் இல்லை. சமவெளிக்கு அது தேவையும் இல்லை. ஆனால் மலைத் தோட்டங்களுக்கும் அதே அட்டையைக் கொடுப்பது போதாது என்பது என் கருத்து. சோதனை ஒன்றும் பெரிய வேலையல்ல. மண்ணைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் போட்டுக் குலுக்கினால் பொட்டாசியம் ஒட்டிக்கொண்டு அலுமினியத்தை வெளியே தள்ளும். வடிகட்டி, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால் எண் கிடைத்துவிடும். கல்லூரி ஆய்வகம் எதிலும் செய்யலாம்.

வேர்நுனியில் நடப்பது

அலுமினியம் தாக்கும் இடம் வேரின் நுனி, கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர். புதிய செல்கள் பிறப்பதும் நீள்வதும் அங்கேதான். மக்காச்சோளத்தின் இளவேரை அலுமினியக் கரைசலில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வளர்ச்சி மந்தமாவதை அளக்க முடியும். செல்சுவரில் உள்ள பெக்டின் எதிர்மின் சுமை கொண்டது. வழக்கமாக அங்கே கால்சியம் அமர்ந்து சுவருக்கு நெகிழ்வோடு கூடிய உறுதியைத் தருகிறது. மூன்று சுமை அலுமினியம் அந்தக் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அமர்ந்து சுவரை விறைப்பாக்கிவிடும். விறைத்த சுவர் நீளாது. உள்ளே போன அலுமினியம் செல் பிரிவதையும் கெடுக்கும்.

செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும். வேர் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறி, ஒடித்தால் பட்டென்று ஒடியும். பக்கத்து நுண்வேர்கள் இருக்காது. ஆனால் யாரும் வேரைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறோம். இலையில் தெரிவது வேறு நோய்: ஊதா படர்ந்த கரும்பச்சை, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு போலவே இருக்கும். உண்மையிலேயே மணிச்சத்துக் குறைபாடும் இருக்கும். ஏனென்றால் அலுமினியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. உடனே டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் வாங்கிப் போடுவார்கள். அதிலுள்ள பாஸ்பேட்டில் ஒரு பகுதி மறுபடியும் அலுமினியத்திடம் சிக்கும். அதிலுள்ள அம்மோனியம் மண்ணை இன்னும் அமிலமாக்கும். மருந்து நோயைக் கூட்டுகிற இந்தச் சுற்றைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது, ஏனென்றால் செலவழிப்பது சிறு விவசாயி.

இன்னொரு விளைவு வறட்சி. மழை போதுமான அளவு பெய்யும் ஊரில், பத்து நாள் மழை நின்றதும் பயிர் வாடுகிறது என்றால் அடிமண்ணைச் சந்தேகப்படலாம். மேல்மண்ணில் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். 30 சென்டிமீட்டருக்குக் கீழே அலுமினியம் அப்படியே இருக்கும். வேர் அந்த எல்லைவரை போய்த் திரும்பிவிடும். கீழே ஈரம் இருந்தும் எட்டாது.

செடிகள் கண்ட வழி

எல்லாச் செடிகளும் இதற்குப் பணிந்துவிடவில்லை. தாங்கும் கோதுமை ரகங்களின் வேர்நுனி, அலுமினியம் பட்டதும் மாலிக் அமிலத்தை வெளியே விடுகிறது. ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். அது எதிர்மின் சுமையோடு வெளியே வந்து அலுமினியத்தைக் கவ்விக்கொள்கிறது. கவ்வப்பட்ட அலுமினியம் செல்சுவரில் ஒட்ட முடியாது. 1993இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கான மரபணுவைக் கண்டெடுத்தார்கள். சோளத்தில் இதே வேலையைச் செய்வது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையின் புளிப்பு. புளிப்பைக் கொண்டே புளித்த மண்ணைச் சமாளிப்பது முரணாகத் தோன்றலாம். இங்கே முக்கியம் புளிப்பல்ல, அந்த மூலக்கூறுக்கு அலுமினியத்தைப் பிடிக்கும் கைகள் இருப்பதுதான்.

தானியங்களில் நெல் மிகவும் தாங்கும், பார்லி தாங்கவே தாங்காது. மரவள்ளியும் அன்னாசியும் அமில மண்ணுக்குப் பழகியவை.

தேயிலை இன்னொரு படி மேலே. அது அலுமினியத்தை விலக்காமல் உள்ளே வாங்கி, தீங்கற்ற வடிவில் கட்டி, இலைகளில் சேர்த்து வைக்கிறது. முற்றிய இலையின் உலர் எடையில் 3 சதவீதம்வரை அலுமினியம் பதிவாகியிருக்கிறது. நாம் பறிக்கும் கொழுந்தில் அதில் சிறு பங்குதான். கொஞ்சம் அலுமினியம் இருந்தால் தேயிலையின் வேர் இன்னும் செழிக்கும். உடனே எழும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: தேநீரில் அலுமினியம் இருக்கிறது, லிட்டருக்குச் சில மில்லிகிராம். அதில் குடல் உள்ளிழுப்பது 1 சதவீதத்துக்கும் கீழே.

ஊட்டியில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூப்பதும் இதே காரணத்தால்தான். நிறமி இரண்டிலும் ஒன்றே. இதழுக்குள் அலுமினியம் வந்து சேர்ந்தால் அது நீலமாகிறது.

செராடோ

அலுமினிய வேதியியலைப் புரிந்துகொண்டதால் ஒரு நாட்டின் வேளாண்மையே மாறிய இடம் பிரேசில். அதன் நடுப்பகுதியில் செராடோ என்ற புல்வெளியும் குறுமரங்களும் நிறைந்த பரப்பு, சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். மழைக்குக் குறைவில்லை, நிலம் சமதளம், மண் ஆழம். ஆனால் பயிர் வராது. பல லட்சம் ஆண்டு மழை கழுவிய செம்மண், ஒட்டும் இடங்களில் பாதிக்கும் மேல் அலுமினியம். மழைக்காலத்தின் நடுவே இரண்டு மூன்று வாரம் மழை நிற்பதை அங்கே வெரானிகோ என்பார்கள். குட்டை வேர் கொண்ட பயிர் அந்த இடைவெளியிலேயே கருகிவிடும்.

1950களில் கொலின் மெக்லங் அங்கே சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்த்துச் சோதனைகள் நடத்தினார். பிறகு எட்சன் லொபாட்டோ முதலான மண்ணியலாளர்கள் எம்பிராபா என்ற அரசு ஆய்வு நிறுவனத்தில் எவ்வளவு, எப்போது, எந்த ஆழத்தில் என்று வகுத்தார்கள். வேளாண் அமைச்சராக இருந்த அலிசன் பவுலினெல்லி ஆட்சியின் ஆதரவைத் திரட்டினார். மூவருக்கும் 2006இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இன்று உலகச் சந்தைக்குப் போகும் பிரேசில் சோயாவில் பெரும்பங்கு அந்த மண்ணிலிருந்து வருகிறது.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். செராடோவின் இயற்கைத் தாவரப் பரப்பில் ஏறக்குறைய பாதி அழிந்துவிட்டது. அங்குள்ள மரங்களில் சில அலுமினியத்தோடே வாழப் பழகியவை. அவற்றின் இலைகளில் அலுமினியம் சேர்வதை பிரேசிலியா பல்கலைக்கழகத்தின் எம். ஹரிதாசன் 1982இல் விரிவாக எழுதினார். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அவற்றில் சில வளரவே மறுக்கின்றன. நாம் நச்சு என்று சொல்வது அந்த மரங்களுக்குச் சொந்த ஊர்.

எவ்வளவு, எப்படி

சுண்ணாம்புக்கல் தூள் மண்ணில் செய்வது இரண்டு வேலை. அதன் கார்பனேட், ஹைட்ரஜனைப் பிடித்துக் கரியமில வாயுவாக வெளியேற்றுகிறது. பிஎச் ஏறுவதால் அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடங்குகிறது. காலியான இடத்தில் கால்சியம் போய் ஒட்டுகிறது. டோலமைட் என்றால் மெக்னீசியமும் கிடைக்கும். மலை மண்ணில் அதுவும் பற்றாக்குறையாக இருப்பதால் டோலமைட் நல்ல தேர்வு.

பிஎச் 7க்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பதுதான் பரவலான தவறு. 5.5ஐத் தொட்டாலே ஒட்டியிருந்த அலுமினியம் ஏறக்குறைய முழுவதும் திரண்டுவிடும். பெரும்பாலான பயிர்களுக்கு அதற்குக் கொஞ்சம் மேலே போதும். அளவுக்கு மீறிப் போட்டால் துத்தநாகம், போரான், மாங்கனீசு கிடைக்காமல் போகும். காம்ப்ரத்தின் முறை எளிது: ஒட்டியுள்ள அலுமினியத்தைச் சமன்படுத்தத் தேவையான சுண்ணாம்பைக் கணக்கிட்டு, அதை 1.5ஆல் பெருக்குங்கள். 90 மில்லிகிராம் அலுமினியம் உள்ள மண்ணுக்கு அது ஹெக்டேருக்கு 1.5 டன். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருந்தாலே பொருத்தம் என்பதால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும். தூள் நைசாக இருப்பது முக்கியம், கல் கல்லாக இருந்தால் ஆண்டுகள் கழிந்தும் கரையாது. யூரியாவையும் அம்மோனியம் உரத்தையும் சுண்ணாம்போடு ஒரே நேரத்தில் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

நெல் வயலுக்கு இன்னொரு வழி இயல்பாகவே இருக்கிறது. தண்ணீர் கட்டி ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் இரும்பைப் பயன்படுத்தி மூச்சு விடத் தொடங்கும். அந்த வினை ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்களில் பிஎச் 6ஐத் தாண்டும், அலுமினியம் திரண்டுவிடும். அமில மண்ணில் நெல் விளைவதற்கு அதன் தாங்குதிறனோடு இந்தத் தண்ணீரும் காரணம். ஆனால் கேரளத்தின் குட்டநாட்டில் கரி நிலம் என்று சொல்லப்படும் பகுதிகளில் மண்ணுக்கடியில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. தண்ணீர் வடிந்து காற்றுப்பட்டதும் அது கந்தக அமிலமாகிறது. பிஎச் 3, 4 என்று விழுகிறது, அலுமினியம் பெருகுகிறது. அங்கே நிலத்தைக் காய விடாமல் வைத்திருப்பதே பாதி வைத்தியம்.

அடிமண் அலுமினியத்துக்கு மேலே தூவும் சுண்ணாம்பு உதவாது, அது கீழே இறங்க ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு ஜிப்சம். அது சுண்ணாம்பைவிட நன்றாகக் கரையும், மழையோடு அடிமண்ணுக்கு இறங்கும். பிஎச்சை அது உயர்த்துவதில்லை. ஆனால் அதன் சல்பேட் அலுமினியத்தோடு சேர்ந்து நச்சு குறைந்த வடிவமாக்கும், கால்சியம் வேர்நுனிக்குத் துணை நிற்கும். செராடோவில் மேலே சுண்ணாம்பு, கீழுக்கு ஜிப்சம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் ஜிப்சம் என்றால் களர் நிலத்துக்கு என்றே பழகிவிட்டோம். மலைத் தோட்டத்துக்கும் அது கேட்கத்தக்க பொருள். மண் மாதிரி எடுக்கும்போது மேல் 15 சென்டிமீட்டரோடு நிறுத்தாமல், 30 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்தும் தனியாக ஒரு பை எடுத்து, இரண்டிலும் பரிமாறத்தக்க அலுமினியம், அதாவது களிமண்ணில் ஒட்டியிருக்கும் அலுமினியம், எவ்வளவு என்று கேட்டு எழுதிக் கொடுங்கள்.